அரண்மனையும் வீட்டுப் பரணும்

குமரிமுனைக்குப் பயணம் செல்வோர், வழியில் தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கும் அதன் வளாகத்திலுள்ள அருங்காட்சியகத்திற்கும் அரைநாள் ஒதுக்குதல் நலம்.

1601-ஆம் ஆண்டளவில் எழுப்பப்பெற்ற இவ்வரண்மனையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் விரிவுபடுத்தினார். 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும்வரை திருவிதாங்கூரின் ஆட்சி இங்கிருந்தே நடைபெற்றது. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையை மட்டும் இன்றளவும் கேரளத் தொல்லியல் துறையே பேணி வருகிறது. நுணுக்கமான மரவேலைப்பாடுகள், கண்ணாடிபோல் ஒளிரும் கருந்தரை, கடல்வழி வணிகத்தை நினைவூட்டும் சீனச் சாடிகள், கல்வெட்டுகள், நாணயங்கள், படைக்கலங்கள் யாவும் கண்டு கற்கத்தக்கவை.

எனினும் ஒன்றை நாம் மனத்திற்கொள்ளல் வேண்டும். அருங்காட்சியகம் தன்னிடம் வந்து சேர்ந்ததையே காட்டும். அரசர்தம் பொருளுக்குக் கருவூலம் இருந்தது, காவலரும் இருந்தனர். ஞானியின் சொல்லுக்கும் ஆலிமின் ஏட்டுக்கும் காவல் யாது?

அரண்மனைக்கு அருகிலேயே ஒரு விடை உண்டு. தென்காசியிற் பிறந்த மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்கள் தக்கலையில் அடங்கியுள்ளார்கள். அவர்கள் இயற்றிய ‘ஞானப்புகழ்ச்சி’ ஆண்டுதோறும் அவர்களின் நினைவு விழாவில் மக்களால் கூடிப் பாடப்பெறுகிறது. கண்ணாடிப் பேழை எதுவுமின்றி, தலைமுறை தலைமுறையாக மக்களின் நாவே அந்நூலைக் காத்து வந்துள்ளது.

எல்லா நூல்களும் அப்பேறு பெற்றனவல்ல. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் நம் முன்னோர் மார்க்கச் சட்டமும் மருத்துவமும் பாட்டும் எழுதி வைத்தனர். கையெழுத்து ஏடுகளும் கல்லச்சுப் பதிப்புகளும் பல இல்லங்களின் பரண்களில் கறையானுக்கு இரையாகின்றன. அரபு எழுத்தைக் கண்டதும் திருமறையின் ஏடென்றெண்ணி, கண்ணியம் கருதி நீரில் விடுவோரும் மண்ணில் புதைப்போரும் உண்டு. நோக்கம் தூயதே. ஆயினும், அவ்வாறு மறைவது பாட்டனார் எழுதிய மருத்துவக் குறிப்பாகவோ பாட்டியார் பாடிய தாலாட்டாகவோ இருக்கலாமன்றோ?

ஆகவே பழைய ஏடு எதையும் அப்புறப்படுத்துமுன் அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவை தெரிந்தால் தனித்தாளில் குறித்து அதனுடன் வையுங்கள். படியொன்றெடுத்து நூலகத்திற்கு வழங்குங்கள். அரண்மனையைக் கண்டு வியந்து திரும்பும் நாம், நம் வீட்டுப் பரணையும் ஒருமுறை ஏறிப் பார்ப்போமாக.