வடிகஞ்சி கேட்ட குரல்: வங்கப் பஞ்சத்தை எந்த நூலிலிருந்து வாசிக்கத் தொடங்குவது?

1943ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் வீட்டு வாசல்களில் கேட்ட குரல் சோறு கேட்கவில்லை. 'ஃபேன் தாவோ' என்று கெஞ்சியது. சோறு வடித்தபின் எஞ்சும் கஞ்சியைத் தாருங்கள் என்பது அதன் பொருள். அந்தக் குரலிலிருந்து இரண்டு கேள்விகள் கிளைக்கின்றன. நெல் விளையும் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு அரிசி இல்லாமற் போனது ஏன்? அப்படிக் கெஞ்சி உயிர் பிழைத்தவர், பிறகு எதைச் சுமந்துகொண்டு வாழ்ந்தார்? முதற்கேள்வி பொருளாதார வரலாற்றுக்குரியது. இரண்டாவது மனக்காயத்தை ஆராயும் உளவியலுக்குரியது.

வங்கப் பஞ்சத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர் முன் இக்கேள்விகள் இரண்டு நூல்களாக வந்து நிற்கின்றன. ஒன்று, அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட 'பாவர்ட்டி அண்ட் ஃபேமின்ஸ்'. மற்றது, அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட 'ட்ராமா அண்ட் ரெகவரி'. ஒரு பருவத்தில் ஒன்றை மட்டுமே ஊன்றிப் படிக்க இயலும் என்றால் எதைத் தேர்வது?

சென்னின் நூல் உடைத்தது ஒரு நம்பிக்கையை: உணவு குறைந்ததால் மக்கள் மடிந்தனர் என்பதை. 1943இல் வங்கத்தில் கிடைத்த உணவு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு. பஞ்சமில்லாத 1941ஐவிட 13 விழுக்காடு மிகுதி என்று அவர் கணக்கிட்டார். ஆனால் 1942 டிசம்பரில் மணங்குக்கு 13, 14 ரூபாயாக இருந்த அரிசியின் மொத்த விலை 1943 ஆகஸ்டில் 37 ரூபாயை எட்டியது. உழவுக் கூலி அதற்கு ஈடாக உயரவில்லை. தன் உழைப்பையோ சரக்கையோ கொடுத்து உணவைப் பெறும் உரித்துடைமையை இழந்தவர்களே வீழ்ந்தனர். கூலியாட்கள், மீனவர்கள், நெல் குற்றும் பெண்கள், படகோட்டிகள் முதலியோர் அவர்கள். ஜப்பானியர் கைக்குப் போகக் கூடாதென்று படகுகள் பறிக்கப்பட்டதும், போர்ச் செலவு விலைவாசியை ஏற்றியதும், கொல்கத்தாவின் தொழிலாளர்க்கு மலிவு விலையில் உணவு வழங்கப்பட்டு நாட்டுப்புறம் கைவிடப்பட்டதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். பஞ்சவிதித் தொகுப்பு கையில் இருந்தும் அரசு பஞ்சத்தை முறைப்படி அறிவிக்கவில்லை.

எனினும் இந்த ஆய்வு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. மானிடவியலாளர் தாரகச்சந்திர தாஸ், கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த ஆதரவற்றோரை நேரில் ஆய்ந்து 1949இல் வெளியிட்ட நூல், சிதறிய குடும்பங்களைப் பதிவு செய்தது. கணவன் மனைவியைக் கைவிட்டதையும் பெற்றோர் பிள்ளைகளைப் பிரிந்ததையும் பால் கிரீனோ 1982இல் தம் நூலின் மையக் கேள்விகளுள் ஒன்றாக்கினார். பிள்ளையை விட்டுவந்த தாய்க்கு என்ன நேர்ந்தது என்பதைக் கூலிக்கும் விலைக்கும் உள்ள விகிதம் சொல்லாது.

இங்குதான் ஹெர்மன் உதவுகிறார். கொடுமையை மறுக்கும் விருப்பமும் அதை உரக்கச் சொல்லும் விருப்பமும் ஒரே மனத்தில் மோதுகின்றன என்பது அவர் நூலின் தொடக்கக் கருத்து. மீட்சிக்கு அவர் மூன்று கட்டங்களைச் சொல்கிறார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மீண்டும் பிறரோடு இணைதல். துண்டுதுண்டான, முன்னுக்குப்பின் முரணான சாட்சியத்தை 'நம்பத்தகாதது' என்று ஒதுக்கும் பழக்கத்தை வரலாற்று மாணவர் கைவிட இந்நூல் துணை செய்யும். மௌனமும் சான்றே என்று அது பழக்குகிறது.

ஆனால் எச்சரிக்கை தேவை. ஹெர்மன் பேசுவது போர்வீரர்கள், வன்முறைக்கு ஆளான பெண்கள், சிறைப்பட்டவர்கள் பற்றி. பஞ்சம் அவரது களம் அன்று. அவர் சார்ந்திருக்கும் நோய்க்கூற்றுப் பெயர் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் இடம்பெற்றதே 1980இல்தான். அதை 1943இன் மேதினிப்பூர்த் தாய்மீது அப்படியே ஒட்டுவது காலமுரண். காயத்தை மட்டுமே பேசினால், காயப்படுத்தியவர் காட்சியிலிருந்து மறைந்துவிடுவார். ஹெர்மனே இதை அறிந்தவர்: அரசியல் இயக்கத்தின் துணை இல்லாதபோது மனக்காய ஆய்வு மீண்டும் மீண்டும் மறக்கப்பட்டது என்று அவர் வாதிடுகிறார்.

ஆகவே சென்னிடமிருந்தே தொடங்க வேண்டும். ஜான் உட்ஹெட் தலைமையிலான விசாரணை ஆணையம் 1945இல் உணவுப் பற்றாக்குறையை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறி, இறப்பை 15 இலட்சம் என மதிப்பிட்டது. சென்னின் மதிப்பீடு ஏறத்தாழ 30 இலட்சம். அவரது உற்பத்திப் புள்ளிவிவரங்களை பீட்டர் பவ்பிரிக் உள்ளிட்டோர் கடுமையாக மறுத்துள்ளனர். அந்த விவாதத்தையும் மாணவர் படிக்கத்தான் வேண்டும். ஆயினும் 'எவ்வளவு உணவு இருந்தது' என்பதிலிருந்து 'யாருக்கு அது எட்டவில்லை' என்பதற்குக் கேள்வியை நகர்த்தியது அந்நூலே. அதைக் கேளாமல் துக்கத்திற்குள் நுழைபவர், மனிதர் செய்ததை இயற்கையின் சீற்றமாக எண்ணி அழுதுவிடக்கூடும்.

ஆனால் ஹெர்மனைத் தள்ளிப்போடவும் இயலாது. 1943இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டார். விலைப்பட்டியல்கள் ஆவணக்காப்பகத்தில் இன்னும் பல்லாண்டுகள் காத்திருக்கும். சாட்சிகள் காத்திருக்க மாட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவியுடன் ஒரு முதியவரின் திண்ணையில் போய் உட்காரப் போகிறவர், அவரிடம் எதைக் கேட்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தப் பயணத்திற்கு முன்பே கற்றிருக்க வேண்டும்.