கூரைக்கடியில் நான்கு சுற்று

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களின் கரிசல் நிலம் பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் வாய்த்த அளவுக்கு ஓடும் காலுக்கு வாய்த்ததில்லை. நீரை உறிஞ்சி உப்புவதும் காய்ந்தால் சுருங்குவதுமான களிமண் மிகுந்த இந்நிலம், சித்திரை வெயிலில் குதிகால் இறங்கும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையிலோ செருப்போடு அப்பிக்கொண்டு, அடுத்த அடி எடுத்து வைக்கவே விடாது. சரள் மண் கொட்டிக் கெட்டித்த பிறகே இங்கே ஓட்டப் பந்தயத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட முடிகிறது. வேகமும் தாக்குப்பிடிக்கும் திறனும் ஒருசேர வேண்டிய 800, 1500 மீட்டர் ஓட்டங்களை நடுத்தூர ஓட்டம் என்பர். சில நிமிட நேரம் அடியின் சீர் மாறாமல் ஓட வேண்டியிருப்பதால், இவ்வகை ஓட்டத்தில் தரையின் குணம் ஒவ்வோர் அடியிலும் தெரியும்.

கரிசல் தரைக்கு நேர் எதிரானது கூரைக்கடியில் அமைக்கப்படும் உள்ளரங்க ஓடுதளம். திறந்தவெளித் தளத்தின் ஒரு சுற்று 400 மீட்டர் என்றால் இங்கே 200 மீட்டர்தான் என்பதால், 800 மீட்டருக்கு நான்கு சுற்றும் எட்டு வளைவுகளும், 1500 மீட்டருக்கு ஏழரைச் சுற்றும் ஓட வேண்டும். திறந்தவெளியில் சுமார் 36.5 மீட்டராக உள்ள வளைவின் ஆரம் இங்கே ஏறத்தாழ 17 மீட்டராகக் குறுகிவிடுவதால், அதே வேகத்தில் ஓடுபவரை வெளிப்புறம் தள்ளும் விசை இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. அதை ஈடுகட்டவே வளைவுகளில் தளத்தின் வெளி விளிம்பை உயர்த்திச் சாய்வாகக் கட்டுகிறார்கள். நேர்பாதை குறுகியது என்பதால் முந்துவதற்குக் கிடைக்கும் இடமும் குறைவு. வளைவில் முந்த முயல்பவர் கூடுதல் தூரம் ஓடுவதோடு சரிவிலும் ஏற வேண்டும். ஆகவே எந்த இடத்தில் நிற்பது, எப்போது முன்னேறுவது என்ற கணிப்பு, கால் வலிமைக்குச் சற்றும் குறையாத தகுதியாகிறது.

இந்தத் தகுதியைக் காட்டும் உரிமையே பெண்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் லினா ராட்கே வென்ற 800 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் சிலர் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுதின. பெண்ணுடல் இதைத் தாங்காது என்ற வாதம் வென்று, 1960 ரோம் வரை அந்தப் பந்தயம் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. 1500 மீட்டர் 1972இல்தான் வந்தது. 1985இல் பாரிஸில் உலக உள்ளரங்க விளையாட்டுகளாக நடந்து, 1987இல் இண்டியானாபொலிஸில் உலகச் சாம்பியன்ஷிப்பாக நிலைபெற்ற போட்டிக்கு அந்தப் பழைய பாரம் இல்லை. பெண்களின் நடுத்தூர ஓட்டங்கள் அதில் தொடக்கம் முதலே இருந்தன. அந்த மேடையில் 1993 முதல் 2006 வரை 800 மீட்டரில் ஏழு தங்கம் வென்றவர், மொசாம்பிக்கின் மரியா முட்டோலா. மபூட்டோவில் பையன்களோடு கால்பந்து ஆடிக்கொண்டிருந்த அவரை ஓட்டத்துக்குத் திருப்பியவர் ஜோசே கிராவெய்ரிஞ்ஞா என்ற கவிஞர் என்பது விளையாட்டு வரலாற்றில் அபூர்வமான செய்தி.

இந்தியப் பெண்களின் உள்ளரங்க வரலாற்றில் பாலக்காட்டை அடுத்த முண்டூரைச் சேர்ந்த பி.யு. சித்ராவின் 2017ஆம் ஆண்டு தனித்து நிற்கிறது. அவ்வாண்டு ஜூலையில் புவனேஸ்வர் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் தங்கம் வென்றும் லண்டன் உலகச் சாம்பியன்ஷிப்புக்கான அணியில் அவர் சேர்க்கப்படவில்லை. சேர்க்குமாறு கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், காலம் கடந்துவிட்டதால் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் அவர் பெயரை ஏற்கவில்லை. ஓடி வென்ற ஒருவரைக் காகிதம் தோற்கடித்த அந்தக் கோடைக்குப் பின், செப்டம்பரில் அஷ்காபாத் ஆசிய உள்ளரங்கப் போட்டியில் அதே தூரத்தில் அவர் மீண்டும் தங்கம் வென்றார். அப்போது சர்வதேசத் தரத்தில் ஓர் உள்ளரங்க ஓடுதளம்கூட இல்லாதிருந்த நாட்டிலிருந்து சென்று பெற்ற வெற்றி அது. 2024 பிப்ரவரியில் தெஹ்ரான் ஆசிய உள்ளரங்கச் சாம்பியன்ஷிப்பில் பஞ்சாபின் ஹர்மிலன் பெய்ன்ஸ் 1500 மீட்டர் தங்கத்தை 4 நிமிடம் 29.55 வினாடியில் வென்றார். திறந்தவெளியில் 2021இல் 4 நிமிடம் 5.39 வினாடியில் ஓடியவருக்கு இது மிக மெதுவான நேரம்தான். ஆனால் பதக்கப் பந்தயத்தில் கடிகாரத்தோடு போட்டி இல்லை. முன்னே செல்ல எவரும் விரும்பாத ஓட்டம் மெதுவாகவே நகர்ந்து கடைசிச் சுற்றுகளில் தீர்மானமாவது இயல்பு.

தமிழகத்தைப் பொறுத்தவரை, புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனைக் குறிப்பிடாமல் பெண்களின் நடுத்தூர ஓட்ட வரலாறு நிறைவுறாது. 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் 800 மீட்டரில் வென்ற வெள்ளி, பாலினச் சோதனையின் பேரில் பறிக்கப்பட்டது. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எதுவும் அவர்மீது இல்லை. 1928இல் பெண்ணுடலின் மீது எழுப்பப்பட்ட சந்தேகம் வேறு உருவில் அவரை வந்தடைந்தது. அந்த அநீதி தனி அத்தியாயமாகவே எழுதப்பட வேண்டியது.

தொடக்கத்தில் சொன்ன கரிசல் மண்ணும் கடக்க முடியாத தடையன்று என்பதற்கு, ஹாக்கிக்கென்று கோவில்பட்டியில் அமைந்துள்ள செயற்கைப் புல்தளமே சான்று. உள்ளரங்கம் இல்லாத ஊரிலும் அதன் வளைவைக் கால்களுக்கு ஓரளவு பழக்க வழி இருக்கிறது. சரள் கெட்டித்த மைதானத்தின் நடுவே முளை அடித்து, 17 மீட்டர்க் கயிற்றால் வட்டம் கீறி, மிதமான வேகத்தில் ஓடிப் பழகினால் உடலைச் சாய்க்கும் அளவு பிடிபடும். சரிவு இல்லாத தளம் என்பதால் வேகத்தைக் கூட்டக் கூடாது. வளைவில் இரு கால்களின் மீதும் சுமை சமமாக விழாததால், சில சுற்றுகளை எதிர்த்திசையிலும் ஓடுவது நல்லது.