ஐந்தடி இடைவெளி



பணி ஓய்வு பெற்றபின் திருமழிசையில் எனக்கென ஒரு சிறு வீடு கட்டத் தொடங்கினேன். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் வீட்டின் பக்கவாட்டில் ஐந்தடி இடைவெளி காட்டப்பட்டிருந்தது. சுவர் எழுப்பும் நாளில் கொத்தனார், "ஐயா, இரண்டடி விட்டால் போதும்; புத்தக அறை பெரிதாகும். பிற்பாடு பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம்" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருக்கு ஒழுங்கு கற்பித்த என் உள்ளமும் சற்றே சபலமுற்றது. அச்சபலத்திற்கு நம் மாநிலத்தில் ஒரு வரலாறே உண்டு.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1998இல் அதில் 113-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28ஆம் நாளுக்குள் கட்டி முடிந்த விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த அது வழிசெய்தது. ஒருமுறை காட்டும் சலுகை என்ற அளவிலேயே உச்ச நீதிமன்றம் 2000இல் அதனை ஏற்றது. ஆயினும் 2000, 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் வந்த திருத்தங்களால் கெடு நீண்டுகொண்டே சென்றது. அந்நீட்டிப்புகள் செல்லா எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, இடிப்பைத் தடுக்க அவசரச் சட்டம் பிறந்தது. மன்னிப்பு வரும் என்னும் நம்பிக்கையே அடுத்த மீறலுக்கு அடித்தளமாயிற்று.

சட்டம் கட்டணம் பெற்று மன்னிக்கலாம், நெருப்பு மன்னிப்பதில்லை. 2017 மே 31 அன்று தியாகராய நகரில் பல மாடித் துணிக்கடை ஒன்று தீப்பற்றியது. ஒப்புதலுக்கு மேற்பட்ட மாடிகள் அங்கே எழுந்திருந்தன. சுற்றிலும் போதிய இடைவெளி இன்மையால் தீயணைப்போர் நெருங்க முடியாது தவித்தனர். கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது; எஞ்சியதையும் இடிக்க நேர்ந்தது. கடை திறவாத விடியற்பொழுதில் தீ மூண்டதால் பெருங்கூட்டம் தப்பியது.

சுமையும் மன்னிப்பதில்லை. தென்கொரியாவின் சியோல் நகரில், நான்கு மாடிக்கெனத் திட்டமிட்ட கட்டடத்தைப் பேரங்காடியாக மாற்றினர். நகரும் படிக்கட்டுக்காகச் சில தூண்களை நீக்கினர். ஐந்தாம் மாடியையும் ஏற்றினர். சாம்பூங் என்னும் அவ்வங்காடி 1995 ஜூன் 29 அன்று இடிந்து விழுந்தது. மாண்டோர் 502 பேர். அவர்களுள் எத்தனை பேர் அந்த வரைபடத்தைக் கண்டிருப்பர்?

வரைபடம் என்பது உரிமையாளர், தாம் அறியாத மனிதருக்கும் அளிக்கும் வாக்குறுதி ஆகும். நான் விடவேண்டிய ஐந்தடி என் இடமாயினும், அண்டை வீட்டாரின் காற்றுக்கும், தீயணைப்பு வீரரின் ஏணிக்கும் உரியது. நாளை உங்களுள் சிலர் பொறியாளராகலாம். சிலர் ஒப்புதல் வழங்கும் அதிகாரியாகலாம். பலர் வீடு கட்டுவீர்கள். அன்று இதனை நினைவிற்கொள்ளுங்கள்.

கொத்தனாரிடம், "ஐந்தடியே இருக்கட்டும்" என்றேன். புத்தக அறை சிறிதாகத்தான் அமைந்தது. அதில் அடங்காத நூல்களை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.