தமிழ்ப்பள்ளியை மாற்றும் அதிகாரம் யார் கையில்?

1961ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் 21(2) என்றொரு பிரிவு இருந்தது. ஒரு தேசிய வகை தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றலாம் என்று கல்வி அமைச்சர் கருதினால் போதும், உத்தரவிடலாம். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தாவானாலும் கிள்ளான் சிம்பாங் லீமாவானாலும், அங்குள்ள தமிழ் ஒரு கையெழுத்தில் போய்விடக்கூடிய நிலை. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. பயிற்றுமொழி தேசிய மொழியே என்று கூறும் 17ஆவது பிரிவும் தேசிய வகை பள்ளிகளுக்கு விலக்கு தருகிறது.

அமைச்சரிடமிருந்த அதிகாரம் போன பிறகு, பிரச்சினை நீதிமன்றத்துக்கு வந்தது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என அறிவிக்கக் கோரி 2019 முதல் சில இயக்கங்கள் வழக்குத் தொடுத்தன. அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு பிற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் தடை விதிக்கக்கூடாது என்கிறது. ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, அந்த மொழியில் கணிதத்தையும் அறிவியலையும் கற்பிப்பது வேறு என்பது அவர்களின் வாதம். வழக்கின் உயிர்நாடியே இதுதான். 2021 டிசம்பர் 29ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2023 நவம்பர் 23ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் இப்பள்ளிகள் அரசியலமைப்புக்கு உட்பட்டவையே என உறுதிசெய்தது.

அமெரிக்காவில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்க, பேருந்தில் வேறு வட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்பும்படி நீதிமன்றங்கள் உத்தரவிட்டன. 1971இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1974இல் அந்நாட்டு நாடாளுமன்றம் குறுக்கிட்டு, வீட்டுக்கு மிக அருகிலுள்ள பள்ளி அல்லது அதற்கு அடுத்த பள்ளியைத் தாண்டி அனுப்ப உத்தரவிடக்கூடாது எனச் சட்டம் இயற்றியது. ஆயினும் அரசியலமைப்பு உரிமையை நிலைநாட்டும் நீதிமன்ற அதிகாரத்தில் அச்சட்டம் கைவைக்கவில்லை. அங்கே பிரித்து வைத்தது அரசு. இங்கே பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

பிள்ளைகளைக் கலக்க வேறு வழியும் இங்கே முயன்று பார்க்கப்பட்டது. சுபாங் ஜெயா யூஎஸ்ஜே 15இல் துன் சம்பந்தன் தமிழ்ப்பள்ளி, ஒரு தேசியப் பள்ளி, ஒரு சீனப்பள்ளி ஆகியவை ஒரே வளாகத்தில் இயங்குகின்றன.

152ஆவது பிரிவைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் ஆட்சியாளர்கள் மன்றத்தின் இணக்கமும் தேவை. கல்விச் சட்டத்தைத் திருத்தவோ சாதாரணப் பெரும்பான்மை போதும். அச்சட்டத்தின் 28ஆவது பிரிவுப்படி, அமைச்சர் தேசிய வகை பள்ளிகளை நிறுவலாம். நிறுவியவற்றைப் பராமரிக்க வேண்டும். புதிய தமிழ்ப்பள்ளி கேட்போருக்கு அந்த ‘லாம்’ மட்டுமே சட்டத்தில் உண்டு.