பெயரை அறுத்தெடுத்த பின்

உலோகங்களுள் ஈயம் எளியது. பொன்னுக்குரிய மதிப்பு அதற்கில்லை. இரும்புக்குரிய உறுதியும் இல்லை. நகத்தால் கீறினாலே தடம் பதியும்; 327 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும்; ஊற்றிய அச்சின் வடிவை ஏற்றுக்கொள்ளும். பெரிய பாளத்தைச் சிறு துண்டுகளாக அறுத்து உலையிலிட்டு உருக்குவது பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் வேலை. அதில் அறம் எது, அறமல்லாதது எது என்ற கேள்விக்கு இடமேது என்று நாம் எண்ணலாம். ஆனால் இத்தாலி நாட்டில் சில ஈயப் பாளங்களை அறுத்து உருக்கியபோது அந்தக் கேள்விதான் எழுந்தது. வரலாற்றை நேசிக்கும் நாம் அதை அறிந்துகொள்வது நல்லது.

சார்தீனியாத் தீவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஒரிஸ்தானோ வட்டாரத்தில், மால் தி வெந்த்ரே என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1988-ஆம் ஆண்டில் அதனருகே, ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில், ரோமானிய மரக்கலம் ஒன்று மூழ்கிக் கிடப்பது தெரியவந்தது. 36 மீட்டர் நீளமுள்ள அந்தக் கலத்தின் சரக்கு ஈயம். அப்பம் போன்ற வடிவில் வார்க்கப்பட்ட ஏறத்தாழ 1000 பாளங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றும் 33 கிலோ எடை. அதாவது ரோமானியர் கணக்கில் 100 ராத்தல். கலம் மூழ்கியது கி.மு. 80-க்கும் 50-க்கும் இடைப்பட்ட காலம் என்று அறிஞர் கணித்துள்ளனர். சிசரோவும் சீசரும் வாழ்ந்த காலம் அது.

பாளங்களின் முதுகில் எழுத்துகள் இருந்தன. மார்க்குஸ் என்பவரின் மக்களான மார்க்குஸ், காயுஸ் பொந்திலியேனுஸ் ஆகிய இருவரது வணிகக் குழுவின் பெயரைப் பெரும்பாலான பாளங்கள் தாங்கியிருந்தன. ஈயம் எங்கே பிறந்தது என்பதும் தெளிவாயிற்று. இன்றைய ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கில், கார்த்தஹேனா நகரை அடுத்த மலைச் சுரங்கங்களே அதன் தாயகம்.

இந்தக் கண்டுபிடிப்பைக் கேள்வியுற்று மகிழ்ந்தவர்கள் தொல்லியலார் மட்டுமல்லர். மிலான் நகரின் இயற்பியல் பேராசிரியர் எத்தோரே ஃபியோரினியும் மகிழ்ந்தார். காரணம் இது. மண்ணிலிருந்து புதிதாக எடுத்து உருக்கிய ஈயத்தில் ஈயம்-210 என்னும் கதிரியக்க வகை சிறிதளவு கலந்திருக்கும். அதுவும் ஈயமே ஆதலால் உலை நெருப்பால் அதைப் பிரிக்க இயலாது. காலம் ஒன்றே அதைத் தணிக்கும். ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்த ஈயத்தில் அது அடியோடு அடங்கியிருக்கும். அதோடு, கடலடியில் கிடந்த பொருளை விண்ணிலிருந்து வரும் கதிர்களும் அவ்வளவாகத் தீண்டுவதில்லை. நுண்ணிய ஆய்வுக் கருவிகளைச் சூழ்ந்து காக்க இதைவிடத் தூய கவசம் கிடைப்பது அரிது.

எனவே இத்தாலியின் தேசிய அணுக்கரு இயற்பியல் நிறுவனம் அகழாய்வுச் செலவுக்கு 30 கோடி லீரா அளித்தது. கைம்மாறாகப் பாளங்களில் ஒரு பகுதி அதற்குத் தரப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் 120 பாளங்கள், ஏறத்தாழ 4 டன் எடை, கிரான் சாஸோ மலைக்கு வந்து சேர்ந்தன. அங்கே 1400 மீட்டர் பாறைக்கு அடியில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதில் அமைந்த குவோரே என்னும் ஆய்வுக்கருவிக்கு அந்த ஈயம் கவசமாயிற்று.

ஆனால் பாளங்கள் அப்படியே உலைக்குப் போகவில்லை. முதலில் அவற்றின் மேல் படிந்திருந்த கடற்படிவு நீக்கப்பட்டது. பிறகு எழுத்துள்ள பகுதி தனியே அறுத்தெடுக்கப்பட்டது. பெயர் தாங்கிய அந்தத் துண்டுகள் காலியரி நகரின் அருங்காட்சியகத்திற்கு உரியன. பெயரற்ற எஞ்சிய பகுதி உலைக்கு உரியது. ஈயத்தின் உட்கூறுகளை ஆய்ந்து தொல்லியலாருக்கு உதவவும் இயற்பியலார் இசைந்தனர்.

இது தகுமா? தகாது என்றனர் சிலர். எழுத்து மட்டுமா வரலாறு? பாளத்தின் எடை, வடிவம், வார்த்த கையின் தடம் யாவும் வரலாறே. ஒருமுறை உருகினால் அவை மீளா. கடலடி மரபுச் செல்வங்களைக் காக்க யுனெஸ்கோ 2001-ஆம் ஆண்டில் இயற்றிய உடன்படிக்கை அவற்றை வணிகப் பொருளாக்குவதைத் தடுக்கிறது. இன்று அறிவியலுக்கென்று திறக்கும் கதவில் நாளை வணிகம் நுழையாதா என்று அவர்கள் அஞ்சினர். தகும் என்றவர்களுக்கும் சொல்ல நியாயம் இருந்தது. ஒரே வகைப் பாளங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன; பெரும்பாலானவை உருக்கப்படாமலே இருக்கின்றன; அகழாய்வுக்குப் பொருளுதவி செய்ததே இயற்பியல்தான். மேலும் அவர்கள் தேடும் விடை சிறியதன்று. நியூட்ரினோ என்னும் நுண்துகள் தனக்குத் தானே எதிர்த்துகளா? இதை அறிந்தால், அண்டத்தில் வெறுமை நிலவாமல் பொருள் நிலைத்தது எப்படி என்ற புதிருக்கு ஒரு திறவுகோல் கிடைக்கலாம். 2017-ஆம் ஆண்டு முதல் அந்தக் கருவி காத்திருக்கிறது. தேடிய அரிய சிதைவு இதுவரை காணப்படவில்லை.

இருதரப்பு வாதங்களையும் கேட்டபின் நம் நெஞ்சில் மூன்றாவது கேள்வி ஒன்று எஞ்சுகிறது. அறுத்துக் காக்கப்பட்ட பெயர் யாருடையது? அது உடைமையாளரின் பெயர். மலையைக் குடைந்தவர்களின் பெயர் எந்தப் பாளத்திலும் இல்லை.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வரலாற்றாசிரியர் பொலீபியுஸ், அந்நகரை அடுத்த வெள்ளிச் சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்தனர் என்றும், ரோமுக்கு நாளொன்றுக்கு 25,000 திராக்மா வருவாய் கிடைத்தது என்றும் குறித்துள்ளார். ரோமானியர் நாடியது வெள்ளியை. அதே தாதுவிலிருந்து உடன் கிடைத்தது ஈயம். ஸ்பெயின் சுரங்க அடிமைகள் இரவும் பகலும் நிலத்தடியில் உடல் தேய்ந்ததையும், வாழ்வைவிடச் சாவை விரும்பியதையும் சிசிலித் தீவினரான தியோதோருஸ் எழுதியிருக்கிறார். ரோமானியர் கால உலைகளின் ஈயப் புகை கிரீன்லாந்தின் பனி அடுக்குகளில் இன்றும் படிந்திருக்கிறது. அதே புகையை அருகில் நின்று சுவாசித்தவர்களுக்கு ஒரு கல்வெட்டும் இல்லை.

ஆக, அறுத்த கோட்டின் ஒருபுறம் உடைமையாளரின் பெயர்; மறுபுறம் உழைத்தவரின் உழைப்பு. முன்னது கண்ணாடிப் பேழைக்குரியதாயிற்று. பின்னது உருகி, மலையின் இருளுக்குள் ஒரு கருவியைக் காத்து நிற்கிறது. இருளில் தோண்டியவர்களின் ஈயம் மீண்டும் இருளிலேயே பணிபுரிகிறது.

அறிஞர்கள் இழைத்த பிழை என்று இதை நாம் சொல்லவில்லை. எழுத்து இருந்த இடத்தை அவர்கள் பேணினார்கள், வேறெதைப் பேணுவது? எனினும் கடமை நமக்கும் உண்டு. பேழையில் உள்ள எழுத்தைப் படிக்கும்போது, அது எந்தப் பாளத்திலிருந்து அறுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். நம் ஊர்க் கோவில்களிலும் பள்ளிகளிலும் பாலங்களிலும் கொடையாளர் பெயர் தாங்கிய கற்கள் உண்டு. அந்தக் கல்லைச் சுமந்தவரின் பெயரையும் ஒருநாள் நாம் தேட வேண்டும்.