கரையும் கருமலையும்

அட்ரியாட்டிக் கடலின் கீழைக்கரையில் 13,812 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த சிறு நாடு மாண்டினீக்ரோ. கருமலை என்பது அப்பெயரின் பொருள். கரையில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்குத் தோன்றும் பெயர் அது. முதன்முறை அங்குச் செல்லத் திட்டமிடுவோரில் பலர் இன்றும் அக்கரையிலேயே நின்றுவிடுகின்றனர். கோட்டோர் நகரின் மதிலையும் மணிக்கூண்டையும் கண்டு திரும்புவோர், நாட்டைக் கண்டுவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றனர்.

வரலாறு வேறு கூறுகிறது. கோட்டோர் 1420 முதல் 1797 வரை வெனிசு ஆட்சியிலும், 1814 முதல் 1918 வரை ஆஸ்திரியாவின் பிடியிலும் இருந்த நகரம். கருமலை நாடோ அதற்கு நேர் மேலே, லோவ்சென் மலைக்கு அப்பால், செட்டின்யே என்னும் சிற்றூரைத் தலைநகராகக் கொண்டு வாழ்ந்தது. உப்பு விளையும் கடல் மலைமக்களின் கண்ணுக்கு எட்டியது, கைக்கு எட்டவில்லை. 1813இல் கோட்டோரைக் கைப்பற்றியும், மறு ஆண்டே அதனை ஆஸ்திரியாவிடம் இழக்க நேர்ந்தது.

அம்மலையில் ஆட்சி செலுத்தியோர் ஆயர்கள். அவர்களுள் ஒருவரான நியேகோஷ் (1813–1851) மதத்தலைவர், மன்னர், கவிஞர் ஆகிய மூன்றும் தாமேயானவர். செட்டின்யேயில் அவர் நிறுவிய அச்சகத்தின் ஈய எழுத்துகள், அவர் மறைந்த அடுத்த ஆண்டு துருக்கியருடன் மூண்ட போரில் துப்பாக்கிக் குண்டுகளாக உருக்கப்பட்டன. எழுத்தைப் போற்றுவோர் நெஞ்சில் இச்செய்தி தைக்காமல் போகாது.

1878ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கை அந்நாட்டின் விடுதலையை ஏற்று, பார் துறைமுகத்தையும் அளித்தது. ஆயினும் போர்க்கப்பல் வைத்துக்கொள்ளும் உரிமை மறுக்கப்பட்டது. கரைக்காவலும் ஆஸ்திரியாவிடமே விடப்பட்டது. கதவைக் கொடுத்துத் திறவுகோலை வைத்துக்கொண்ட கதைதான்!

நோயுற்ற தாயைப் பேணிக் களைத்திருந்த எடித் டர்ஹாம் என்னும் ஆங்கில ஓவியப் பெண்மணி, மருத்துவர் அறிவுரைப்படி 1900இல் டிரியெஸ்ட் துறைமுகத்தில் கப்பலேறினார். கோட்டோரில் இறங்கியவர் அங்கே தங்கிவிடாமல் மலைப்பாதையில் ஏறிச் செட்டின்யே சென்றார். ஓய்வுக்கென வந்த பயணம் அவர் வாழ்வையே திருப்பிவிட்டது. 1904இல் முதல் நூலை வெளியிட்டார். பின்னர் அண்டை நாடான அல்பேனியாவின் மலைமக்கள் அவரைத் தம் அரசியென்றே போற்றினர். கரையோடு திரும்பியிருந்தால் அப்பெயர் வரலாற்றில் இடம்பெற்றிராது.

முதல் உலகப் போருக்குப்பின் யூகோசுலாவியாவோடு கலந்த அந்நாடு, 2006இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே மீண்டும் தனிநாடாயிற்று. தேவைப்பட்டது 55 விழுக்காடு, கிடைத்தது 55.5.

ஆதலின், பயணத்தை வகுப்போர் கரைக்கு எத்தனை நாள் ஒதுக்கினும், கோட்டோரிலிருந்து செட்டின்யே செல்லும் பழைய பாதைக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குதல் வேண்டும். ஊசிமுனை வளைவுகள் இருபத்தைந்து அதில் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் கடல் சிறுத்துக்கொண்டே போகும். இடையில் வரும் நியேகுஷி, அந்தக் கவியரசர் பிறந்த ஊர். புகையூட்டிய பன்றித் தொடைக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர்பெற்றது. லோவ்சென் உச்சியருகே 461 படிகள் ஏறினால் அவர் கல்லறையை அடையலாம். பனிக்காலத்தில் அவ்வழி அடைபடுமாதலால், வேனிலே ஏற்றது. உல்லாசக் கப்பலில் வந்து மாலைக்குள் துறைக்குத் திரும்ப வேண்டியவர்க்கோ, செட்டின்யே அடுத்த பயணத்துக்குத்தான்.