திருத்தணிக்கு எத்தனை எழுத்து?

தமிழில் ஐந்து. அதில் தகராறே இல்லை. ஆங்கிலத்தில் அடிக்கும்போதுதான் வம்பு. ரயில் நிலையப் பலகையில் ஒன்பது எழுத்து. முதல் 'டி'க்குப் பக்கத்தில் ஒரு 'ஹெச்' போட்டால் பத்து. இரட்டை 'டி'யில் ஒன்றை விழுங்கினால் எட்டு. நாக்கு சொல்வதை அப்படியே எழுதுகிறேன் என்று இன்னும் இரண்டு 'ஹெச்' சேர்ப்பவர்களும் உண்டு, அவர்களுக்குப் பன்னிரண்டு.

இது ஒரு காலத்தில் என் மாமாவுக்குப் பணப் பிரச்சினையாக இருந்தது. மலையடிவாரத்தில் சின்ன லாட்ஜ் நடத்துகிறார். கூகுளில் விளம்பரம் போட்டுக் கொடுத்தது நான்தான். விளம்பரம் தெரிவதற்குக் காசில்லை, யாராவது அதைக் கிளிக் செய்தால் காசு. முதல் மாதக் கணக்கோடு, எந்தெந்தத் தேடலுக்கு விளம்பரம் வந்தது என்ற பட்டியலையும் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார். "திருத்தணி சாங்ஸ்", "திருத்தணி முருகன் பாடல்", "திருத்தணி டு அரக்கோணம் டிரெயின்".

"பாட்டு கேக்கறவனுக்கு நாம ஏன்பா காசு கட்டணும்?"

தப்பு என்னுடையதுதான். அதைப் புரிந்துகொள்ள, விளம்பரத்துக்காக நாம் வாங்கும் தேடல் சொல், அதாவது கீவேர்ட் என்ற இந்தச் சரக்கு, எங்கே பிறந்து எந்த வழியாக மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

பிறந்தது 1998இல், கலிபோர்னியாவின் பாசடீனாவில். பில் கிராஸ் என்பவர் தொடங்கிய கோடூ டாட் காம் என்ற தேடுதளம் சொற்களை ஏலம் விட்டது. ஒரு சொல்லுக்கு அதிக விலை கேட்டவர் பட்டியலில் மேலே. அவர் என்ன விலை கேட்டார் என்பது தேடுகிறவர் கண்ணுக்கே தெரியும், காய்கறிக் கடையில் விலை எழுதிச் செருகிய அட்டை மாதிரி. ஒரு கிளிக் ஒரு சென்ட்டுக்கும் போனது. தேடுபொறி என்றால் அறிவுக் களஞ்சியம் என்று நம்பியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கிராஸ் கவலைப்படவில்லை.

2000 அக்டோபரில் கூகுள் ஆட்வேர்ட்ஸ் வந்தது, 350 விளம்பரதாரர்களோடு. 2002இல் அதுவும் கிளிக்குக்குக் காசு என்ற முறைக்கு மாறியது. ஆனால் ஒரு திருத்தம்: விலை மட்டும் போதாது, மக்கள் அந்த விளம்பரத்தை எவ்வளவு கிளிக் செய்கிறார்கள் என்பதும் கணக்கில் சேரும். சொல்லுக்கு வேலி போடும் வசதியும் வந்தது. சதுர அடைப்புக்குள் வைத்தால் எக்ஸாக்ட் மேட்ச்: அதே சொல், அதே வரிசை. மேற்கோள் குறிக்குள் வைத்தால் ஃப்ரேஸ் மேட்ச்: முன்னும் பின்னும் வேறு சொல் இருக்கலாம், நடுவில் கூடாது. எதுவும் போடாவிட்டால் பிராட் மேட்ச், வேலியில்லாத புறம்போக்கு. ஆடும் வரும், மாடும் வரும். நான் எதுவும் போடாமல் விட்டிருந்தேன்.

சென்னைக்கு இந்தச் சரக்கு வந்தபோது நேராக உயர்நீதிமன்றப் படியேறியது. பாரத் மேட்ரிமோனியை அப்போது நடத்திய கான்சிம் இன்ஃபோ நிறுவனம், கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் வழக்குப் போட்டது. எங்கள் பெயரை அடித்துத் தேடினால் பக்கத்திலேயே போட்டியாளர் விளம்பரம் வருகிறது, எங்கள் வணிகப் பெயரை அவர்களுக்குக் கீவேர்டாக விற்கலாமா என்பது கேள்வி. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். 'தமிழ்', 'மேட்ரிமோனி' மாதிரி பொருளை வெறுமனே விவரிக்கும் சொற்களை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது அதன் சாரம். முருகன் வள்ளியை மணந்த ஊர்க்காரரான மாமாவுக்குக் கல்யாண வழக்கில் ஆர்வம் இருந்தது. அவருக்கு எட்டிய பாடம் இது: "அப்ப 'திருத்தணி ரூம்ஸ்'னு நான் பேரு வெச்சா, எதிர் லாட்ஜ்காரனும் அதையே வாங்கலாம்." வாங்கலாம்தான்.

பிறகு வேலிகள் தளர்ந்தன. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் ஒரே திசையில். ஒருமை பன்மையும் எழுத்துப் பிழையும் ஒன்றாகவே கருதப்படும் என்பது 2014இல் எல்லோருக்கும் கட்டாயம். 2017இல் எக்ஸாக்ட் மேட்ச்சுக்குச் சொல் வரிசையும் முக்கியமில்லை. 2018இல் பொருள் ஒன்றாக இருந்தால் போதும். சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு "இது கண்டிப்பாக இருக்கணும்" என்று சொல்லும் வசதி 2010இல் வந்து 2021இல் போய்விட்டது. சதுர அடைப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. கதவு கழற்றப்பட்ட வீட்டில் நிலைப்படி இருப்பது போல.

பெரிய கம்பெனி விளம்பரக்காரர்கள் இதற்குப் புலம்பினார்கள். திருத்தணிக்காரனாக எனக்கு அந்தப் புலம்பலில் பாதிதான் பங்கு. எட்டு எழுத்து முதல் பன்னிரண்டு எழுத்து வரை எல்லா வடிவங்களையும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்த வேலை ஒழிந்தது. எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை இது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக் கோடு நகர்ந்தது, காவடி நகரவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு இன்றும் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் வருகின்றன, அவர்கள் தெலுங்கில் தேடுகிறார்கள். கூகுள் விளம்பரத்தில் தமிழுக்கு இடம் கிடைத்ததே 2018 பிப்ரவரியில்தான். தெலுங்கும் அதே ஆண்டு சேர்ந்தது.

மீதிப் பாதிப் புலம்பல் இது. பொருளை யார் முடிவு செய்வது? "திருப்பதி ரூம்" என்று தேடியவருக்கு மாமாவின் விளம்பரம் வந்திருந்தது. இரண்டும் கோயில் ஊர், இரண்டும் மலை, இரண்டும் 'திரு'. எந்திரத்துக்கு அது போதும் போலிருக்கிறது. நான் கடுப்பானேன். மாமா கடுப்பாகவில்லை. "ரெண்டும் ஒரே டிரிப்ல போறவன் இருப்பான்பா. விடு." போதாக்குறைக்கு, குறைவானவர்கள் தேடிய சொற்களை அந்தத் தேடல் பட்டியலில் காட்டுவதை 2020 செப்டம்பரில் கூகுள் குறைத்துக்கொண்டது. பெருநகரத்துக்கு அது சில்லறை விஷயம். எங்கள் மாதிரி ஊரில் தேடுகிறவர்களே குறைவானவர்கள்தான்.

பாட்டுக்காரர்களைத் தடுக்க நெகட்டிவ் கீவேர்ட் இருக்கிறது. இந்தச் சொல் வந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்வது. வேடிக்கை என்னவென்றால், சேர்க்கும் சொல்லுக்குக் காட்டும் தாராளத்தைத் தவிர்க்கும் சொல்லுக்குக் காட்டுவதில்லை. 'பாட்டு' என்று தடுத்தால் 'பாடல்' உள்ளே வரும். 'பாடல்' தடுத்தால் 'பாடல்கள்' வரும். 'சாங்', 'சாங்ஸ்', 'எம்பி3' எல்லாம் ஒவ்வொன்றாக. அப்புறம் 'மூவி'. ஊர்ப் பெயர்களையே படத்துக்கு வைக்கும் இயக்குநர் பேரரசு 2012இல் 'திருத்தணி' என்று ஒரு படம் எடுத்திருக்கிறார். 'பழனி', 'சிவகாசி', 'திருப்பதி'யும் அவர் எடுத்தவைதான். அந்த ஊர் வியாபாரிகளை நினைத்து மாமாவுக்கு ஓர் ஆறுதல்.

இப்போது அவருடைய தவிர்ப்புப் பட்டியல், வாங்கும் பட்டியலைவிட நீளம். அறைச் சாவிகள் தொங்கும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். புதிதாக ஒன்று அகப்பட்டால் போனில் சொல்வார், நான் சேர்ப்பேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் மட்டும் வேறு மாதிரி போன் வரும். "நிறுத்திடுப்பா." அந்த நாட்களுக்கு எல்லா அறைகளும் போன வருஷம் கிளம்பும்போதே சொல்லிவைத்துவிட்டுப் போனவர்களுக்கு. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: சித்தூர், இரண்டு ரூம், புஷ்பக் காவடி.